வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாவது ஏன்?



ஜொகூரில் தோட்டங்கள் விற்கப்பட்டபோது பல தமிழ்ப்பள்ளிகள் நகர்ப்புறங்களுக்கு இடம் பெயர்ந்தன. பழைய கட்டடம், திடல், திடலோரத்து மரம் ஆகியவை இன்று ஒளிநாடாக்களில் மட்டுமே இருக்கின்றன. அந்நாடாக்களைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கடைகளில் கொடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றி வருவது பாராட்டுக்குரியது. ஆனால் மாற்றிய கோப்பைத் திரையில் ஓட்டினால் பரதம் ஆடும் மாணவியின் அரக்குப் பட்டு செங்கல் நிறமாகத் தெரிகிறது. நிழலில் நிற்கும் மாணவர்களின் முகங்கள் கரிய திட்டுகளாகின்றன. "பழைய நாடா, அப்படித்தான் இருக்கும்" என்று கடைக்காரர் சொல்கிறார். நாமும் தலையசைத்துவிட்டு நாடாவைக் குப்பையில் போடுகிறோம்!

இது சரியன்று என்பது என் கருத்து. நாடா வெளுத்துப் போவது உண்மைதான். எனினும், நாடாவிலிருந்து முதலில் எடுத்த கோப்பில் நன்றாக இருந்த நிறம், வேறு கோடெக்குக்கு மாற்றிய பிறகு கெட்டதென்றால் குற்றம் நாடாவினுடையதன்று.

காணொளிக் கோப்பு சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களைச் சேமிப்பதில்லை. வெளிச்சத்தை ஓர் எண்ணாகவும், நிற வேறுபாட்டை இரண்டு எண்களாகவும் சேமிக்கிறது. அவ்வெண்களை மீண்டும் நிறமாக்க ஒரு கணக்கு வேண்டும். பழைய தொலைக்காட்சிக்கு பிடி.601 என்ற கணக்கு 1982-இல் வந்தது. உயர்துல்லியக் காட்சிக்கு பிடி.709 என்ற வேறு கணக்கு 1990-இல் வந்தது. எந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லும் சிறு குறிப்பைக் கோப்பிலேயே எழுதி வைக்கலாம். அக்குறிப்பு இல்லாவிட்டால் பல பிளேயர்கள் படத்தின் அளவைப் பார்த்து ஊகம் செய்கின்றன.

நம் நாட்டில் 2019 அக்டோபர் 31 வரை நீடித்த அனலாக் ஒளிபரப்பு பால் முறையைச் சார்ந்தது. நம் பழைய நாடாக்களும் பெரும்பாலும் அம்முறையில் பதிவானவையே. படத்திற்கு 576 வரிகள். "தெளிவாக இருக்கட்டும்" என்று கடைக்காரர் அதை 1080 வரிகளுக்குப் பெரிதாக்குகிறார். நிறக் கணக்கையோ மாற்றுவதில்லை. அளவைக் கண்ட பிளேயர் புதிய கணக்கைப் போடுகிறது. சிவப்பு செம்மஞ்சள் பக்கம் சாய்கிறது, பச்சை கருக்கிறது. விடைத்தாள் சரிதான், திருத்துபவர் கையில் இருப்பது வேறு வினாத்தாளின் விடைப்பட்டியல்!

நோயைக் கண்டறிய நம்மிடமே ஒரு கருவி உண்டு. அதுதான் பள்ளிச் சீருடை. மூலக் கோப்பையும் மாற்றிய கோப்பையும் ஒரே கணினியில், ஒரே பிளேயரில் ஓட்டி, ஒரே காட்சியில் நிறுத்துங்கள். வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். வெள்ளை அப்படியே இருந்து சிவப்பும் பச்சையும் மட்டும் மாறியிருந்தால், மேலே சொன்ன கணக்குப் பிழையே காரணம். சாம்பல் நிறங்கள் அப்பிழையால் மாறுவதில்லை.

வெள்ளைச் சட்டை மங்கி, கருங்கூந்தலும் பனி படர்ந்ததுபோல் சாம்பலானால், அது வேறு நோய். காணொளியில் கருமை 16 என்ற எண்ணில் தொடங்கி வெண்மை 235-இல் முடிவது வழக்கம். கணினித் திரையோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. விரிக்க வேண்டியதை விரிக்காமல் விட்டால் இந்தப் பனிமூட்டம். ஏற்கெனவே விரிந்ததை மறுபடியும் விரித்தால் சட்டையின் மடிப்புகள் மறையும், நிழலில் நிற்கும் பிள்ளையின் முகம் இருளில் கரையும். கருநிற முகங்கள் நிறைந்த நம் பள்ளிப் படங்களில் இந்தப் பிழையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அந்த நிலையிலேயே மீண்டும் சுருக்கிச் சேமித்துவிட்டால், போன விவரம் திரும்பாது.

"நிறம் சற்று மாறினால் என்ன, ஆள் தெரிந்தால் போதாதா?" என்று கேட்போர் உண்டு. சிலர் ஒரு படி மேலே சென்று, நிறச்செறிவைக் கூட்டிக் கண்ணுக்குப் பிடித்தபடி சரிசெய்கிறார்கள். அது காய்ச்சலுக்குச் சந்தனம் பூசுவது போன்றது. குறிப்பு மட்டும் தவறென்றால் படத்தை மீண்டும் சுருக்காமலே அதைத் திருத்த இலவச மென்பொருள்கள் உள்ளன. கண் மதிப்பில் கூட்டிக் குறைத்த படத்திற்கோ மீட்சியில்லை.

கைத்தொலைபேசிக் காணொளிகளின் கதை வேறு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பின் நாம் வீட்டிலிருந்தே பாடங்களைப் பதிவு செய்யப் பழகினோம். அதே ஆண்டு வெளிவந்த ஐபோன் 12 முதற்கொண்டு எச்டிஆர் பதிவு இயல்பாகவே இயங்கும் நிலை வந்தது. 10 பிட் அளவில், அகன்ற நிற எல்லையில், எச்.265 கோடெக்கில் பதியும் அக்காட்சியை, ஒளி அளவைச் சாதாரணத் திரைக்கேற்ப இறக்காமல் எச்.264-க்கு மாற்றினால் எல்லாம் வெளிறிவிடும். கலைக்கல்விப் பாடத்தில் ஆசிரியர் "இது அடர் நீலம்" என்கிறார். பிள்ளையின் திரையில் தெரிவதோ சாம்பல் கலந்த நீலம். எதைக் கற்கும் அப்பிள்ளை? பாடம் பதிவதற்கு எச்டிஆர் தேவையில்லை. அமைப்புகளில் கேமரா, அதில் வீடியோ பதிவு என்ற பகுதிக்குச் சென்று அதை அணைத்துவிடலாம்.

நாடாவைக் கடையில் கொடுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: பெரிதாக்காத, 576 வரிகளிலேயே உள்ள முதல் கோப்பு, பார்ப்பதற்கான எச்.264 படி, நாடா. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் நிறக் கணக்கும் எண் எல்லையும் எழுதப்பட்டுள்ளனவா என்று தெரியும். எழுதப்படவில்லையெனில், பணம் கொடுக்கும் முன்பே கடைக்காரரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். நாடாவை உலர்ந்த இடத்தில், பள்ளி வள மையத்து அலமாரியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.