குரல்வளை மரு: புற்று இல்லை என்றால் போதுமா?

பி.காம். படிக்கிறவனுக்குத் தொண்டை நோயைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு அறிக்கையைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது என்பது எங்கள் வகுப்பில் அடிக்கடி கேட்கிற பேச்சு. அது இங்கேயும் பொருந்துகிறது.

குரல்வளையில் மரு மருவாக வளர்வதுதான் பாப்பிலோமா. பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸின் 6, 11 ஆகிய வகைகள்தான் காரணம். குழந்தைகளுக்குப் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றுகிறது. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவில் ரத்தக்குழாய் ஓடும் தண்டு, அதன்மேல் தடித்த செல் அடுக்கு, விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தையோ பெரியவரோ, ஏறக்குறைய இதே தோற்றம்தான். ரிப்போர்ட்டில் 'புற்று அல்ல' என்று வரும். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள்.

கதை அங்கே முடிவதில்லை. பெரியவருக்குப் பெரும்பாலும் குரல் கம்மும். குழந்தையின் மூச்சுப்பாதை குறுகலானது, சின்ன மருவே அடைத்துவிடும். ஆஸ்துமா என்று நினைத்து வைத்தியம் பார்ப்பதும் உண்டு. லேசரில் எடுத்தாலும் மறுபடி வளரும், மறுபடி ஆபரேஷன். நோய் எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறதோ, பொதுவாக அவ்வளவு கடுமை. திசுவின் தோற்றத்தை மட்டும் வைத்து இந்தக் கடுமையைக் கணிக்க முடியாது. பேலன்ஸ் ஷீட் ஒரு நாளின் நிலவரத்தைத்தானே காட்டும்? பயாப்ஸியும் அப்படித்தான். 1998இல் டெர்கே என்ற மருத்துவரும் குழுவினரும் கொண்டுவந்த மதிப்பெண் முறை, குரல், மூச்சு, மரு பரவிய இடங்கள் ஆகியவற்றைத்தான் கணக்கில் எடுக்கிறது.

சரி, தடுக்க முடியுமா? ஆஸ்திரேலியா 2007இல் 6, 11 வகைகளையும் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பெண்களுக்குப் போடத் தொடங்கியது. அங்கே இந்த நோயோடு புதிதாகப் பதிவான குழந்தைகள் 2012இல் 7 பேர். 2016இல் ஒரே ஒருவர்!

நம் நாட்டில் 2023இல் விற்பனைக்கு வந்த செர்வாவாக் தடுப்பூசியும் 6, 11 வகைகளைத் தடுப்பதுதான். ஆனால் நாம் இதைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஊசி என்று மட்டுமே பேசுகிறோம். 16, 18 வகைகளை மட்டும் தடுக்கும் ஊசியும் இருக்கிறது. எதை வாங்குவது என்று விலையை ஒப்பிடும்போது, ஒரு குழந்தை திரும்பத் திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற செலவையும் பயத்தையும் யாராவது செலவுக் கணக்கில் எழுதுகிறார்களா? எழுத வேண்டும் என்பதே என் கருத்து. 'புற்று அல்ல' என்ற இரண்டு வார்த்தையால் அந்தக் கணக்கை மூடிவிடக் கூடாது.