மூச்சு வாங்காத டிரம்பெட்

நண்பரின் குறும்படமொன்றுக்காக, தில்லி விடுதி அறையில் மடிக்கணினியிலேயே ஒரு பிராஸ் குழுவை அமைத்தேன். இரண்டு டிரம்பெட், ஒரு டெனர் சாக்ஸபோன், ஒரு டிராம்போன்; அனைத்தும் மென்பொருள். கல்யாண ஊர்வல பேண்டில் டிரம்பெட் ஊதும் ஒருவரிடம் அதைப் போட்டுக் காட்டினேன். "இவர்கள் எப்போது மூச்சு வாங்குவார்கள்?" என்று இந்தியில் கேட்டார். பதினாறு தாளவட்டங்களை என் கலைஞர்கள் ஒரே மூச்சில் ஊதியிருந்தனர்.

ஒலி போலியாகத் தோன்றினால் இன்னும் விலையுயர்ந்த சாம்பிள் தொகுப்பை வாங்க வேண்டும் என்பது வீட்டில் இசையமைப்போரிடையே நிலவும் நம்பிக்கை. நான் அதை ஏற்கவில்லை. பேச்சொலியியல் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. பதிவுசெய்த துண்டுகளை ஒட்டி உருவாக்கிய பழைய கணினிக் குரல்களில் ஒவ்வொரு துண்டும் மெய்யான மனிதக்குரலே. ஒட்டிய இடங்களும் தட்டையான ஏற்ற இறக்கமுமே அவற்றைக் காட்டிக்கொடுத்தன.

ஊதுகலைஞர் நாவால் உச்சரிக்கிறார். தெளிவான தொடக்கத்திற்கு ஒலிப்பிலாத் தகரம். மென்மையான இணைப்பிற்கு ஒலிப்புடைத் தகரம் (நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே). விரைவான தொடருக்கு 'தக தக' என நுனிநாவும் பின்னாவும் மாறிமாறி. மிடியில் விசையளவு 127 வரை இருக்க, நாமோ எல்லாச் சுரங்களுக்கும் 100 என்று இட்டுவிடுகிறோம். ஒரே மெய்யெழுத்தால் ஒரு பத்தி முழுவதையும் பேசுவதற்கு நிகர் அது.

நீண்ட சுரங்கள் இன்னும் கடினம். பிராஸ் கருவியைப் பலமாக ஊதும்போது ஒலியளவு மட்டும் கூடுவதில்லை. மேல்சுரக்கூறுகளும் பெருகி, ஒலியின் நிறமே மாறுகிறது. ஒலியளவை மட்டும் ஏற்றினால், மெல்ல ஊதுபவரை ஒலிவாங்கிக்கு அருகே இழுத்து வந்ததுபோலிருக்கும். மூச்சின் அழுத்தத்திற்கென்றே மிடியில் 2ஆம் கட்டுப்பாட்டு எண் உண்டு. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கருவியிலேயே ஊதிக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தது. நாற்பது ஆண்டுகளாக இருப்பதை விட்டுவிட்டுச் சுட்டெலியால் கோடு வரைகிறோம்!

நான்கு வரிகளையும் தனித்தனியே வாய்விட்டுப் பாடினேன். எனக்கு மூச்சு முட்டிய இடங்களில் சுரங்களை அழித்தேன். முழுச் சுருதிக்கூட்டை ஒரே விரலழுத்தத்தில் பதிவதை நிறுத்தி, நால்வரையும் வெவ்வேறாக வாசித்தேன். தொடக்கங்கள் இம்மியளவு விலகின, குழுவாகக் கேட்டது. பிறகு, முதல் டிரம்பெட்டை மட்டும் அந்த ஊர்வலக் கலைஞரையே ஊதச் சொன்னேன். வாங்க எண்ணியிருந்த தொகுப்பின் விலையைவிட அவர் கேட்ட ஊதியம் குறைவு. நான் எழுதியிருந்த இறுதிச் சுரத்தை அவர் ஊதவில்லை. பாதியில் சரியவிட்டு நிறுத்தினார். மற்ற மூவரையும் அதற்கேற்பத் திருத்த ஓர் இரவு ஆயிற்று.