ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்!

சித்திரை மாதம் பிறந்தால் போதும். வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்.

"ஏ.சி. ஓடுகிறது. ஆனால் குளிரவில்லை!"

மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவர் மொட்டை மாடிக்குப் போகிறார். குழாயில் ஒரு மீட்டரை மாட்டிப் பார்க்கிறார்.

"கியாஸ் தீர்ந்து போச்சு, சார்!" என்கிறார்.

நாமும் தலையை ஆட்டுகிறோம். பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். அடுத்த கோடையில் மறுபடியும் அதே கதை!

சமையல் கியாஸ் தீரும். அதை நாம் எரிக்கிறோம். ஏ.சி. கியாஸ் அப்படித் தீருமா?

தீராது! அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டுக் கதை

என் தாயாருக்கு வயது 78. ரத்தக்கொதிப்பு உண்டு. கத்திரி வெயிலில் இரவு முழுவதும் தூங்காமல் தவிப்பார். அவருக்காகத்தான் கடன் வாங்கி ஒரு ஏ.சி. போட்டோம்.

இரண்டாவது கோடையில் குளிர் குறைந்தது. மெக்கானிக் வந்தார். கியாஸ் போட்டார். ரூ.2,500 வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாவது கோடையிலும் அப்படியே. இந்தத் தடவை ரூ.3,000.

நாலாவது கோடையில் மறுபடி அனல் காற்று வந்தது. "எனக்கு எதுக்கப்பா ஏ.சி.? பழைய பேனே போதும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டு" என்றார், அம்மா. அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது.

அன்று வேறு ஒரு மெக்கானிக் வந்தார். நடுத்தர வயது. அவர் உடனே கியாஸ் சிலிண்டரைத் திறக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் சோப்புத் தண்ணி கொடுங்க" என்று கேட்டார்.

குழாய் சேரும் இடத்தில் நுரையைத் தடவினார். ஒரு நட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின!

"இதோ பாருங்க, அண்ணே. உங்க பணம் இந்த வழியாத்தான் போயிருக்கு!" என்றார்.

குழாயின் நுனியை அறுத்தார். புதிதாக விரித்தார். நட்டை முடுக்கினார். பிறகுதான் கியாஸ் போட்டார். அதற்குப் பின் இரண்டு கோடை போய்விட்டது. மறுபடி கியாஸ் போடவே இல்லை.

ரத்தம் போல!

ஏ.சி.யில் உள்ள கியாஸ் நம் உடம்பில் ஓடும் ரத்தம் போன்றது. தாமிரக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறையில் உள்ள வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் பெட்டிக்குப் போய் அதைக் கொட்டுகிறது. மறுபடி உள்ளே வருகிறது. அதைத் தள்ளும் இதயம்தான் கம்பிரசர்.

ரத்தம் எப்போது குறையும்? காயம் பட்டால் குறையும். அதுபோலத்தான் கியாசும். எங்கோ கசிவு இருந்தால்தான் அது குறையும்.

உங்கள் வீட்டுப் பிரிட்ஜைப் பாருங்கள். அதுவும் இதே முறையில்தான் குளிர்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடுகிறது. அதற்கு ஆண்டுதோறும் கியாஸ் போடுகிறோமா? இல்லையே!

பிரிட்ஜின் குழாய்களைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி மூடிவிடுகிறார்கள். இரண்டு பெட்டியாக வரும் ஏ.சி. அப்படி அல்ல. அதன் குழாய்களை நம் வீட்டில் வைத்துத்தான் சேர்க்கிறார்கள். அந்த இணைப்பில் அவசரப்பட்டால் கசிவு வரும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் உலோகத்தை அரிக்கும்.

பணம் மட்டுமா போகிறது?

கியாஸ் குறைந்தால் கம்பிரசர் சூடாகும். திரும்பி வரும் குளிர்ந்த கியாஸ்தான் அதன் சூட்டையும் தணிக்கிறது. அது குறைந்த நிலையில் நாள் கணக்கில் ஓட்டினால் கம்பிரசரே கெட்டுவிடலாம். அப்புறம் செலவு பல மடங்கு!

வெளியே போகும் கியாஸ் ஊருக்கும் கேடு. பழைய ஏ.சி.களில் உள்ள ஆர்-22 கியாஸ், சூரியனின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது. இப்போது பல ஏ.சி.களில் வரும் ஆர்-32 ஓசோனைக் கெடுக்காது. ஆனால் கரியமில வாயுவைவிட 600 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். ஊர் சூடானால் இன்னும் அதிகம் ஏ.சி. வேண்டும். இது எங்கே போய் முடியும்?

இன்னொன்று. ஆர்-32 தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்ற கியாஸ் இன்னும் எளிதாகத் தீப்பற்றும். ஆகவே வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. நீங்களாக நட்டைத் திருகிப் பார்க்கவும் கூடாது.

யார் மேல் தப்பு?

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். கோடையில் அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து வீடு. வெயிலில் மாடி மாடியாக ஏறுகிறார். கசிவைத் தேட நேரம் பிடிக்கும். அதற்கு யார் கூலி கொடுக்கிறோம்?

"இன்று ராத்திரி குளிர வேண்டும். அவ்வளவுதான்!" என்கிறோம். கியாஸ் போட்டால் பணம் தருகிறோம். தேடினால், "சும்மா பார்த்ததுக்குக் காசா?" என்று கேட்கிறோம். பிறகு அவர் எதைச் செய்வார்?

தேடுவதும் வேலைதான். அதற்கு உரிய கூலியை மனமாரக் கொடுங்கள். அதுதான் உண்மையான சிக்கனம்.

முதலில் நீங்கள் பாருங்கள்

குளிரவில்லை என்றால் எல்லாம் கியாஸ் குறை அல்ல. வலையில் தூசி அடைத்திருக்கலாம். அதைக் கழற்றிக் கழுவுங்கள். ரிமோட்டில் "கூல்" என்று இருக்கிறதா, வெறும் "பேன்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பெட்டியின் முன்னே சாமான் அடுக்கிக் காற்றை மறிக்காதீர்கள். இவை சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

அவர் "கியாஸ் குறைந்துவிட்டது" என்றால், நாலு கேள்வி கேளுங்கள்.

1. கசிவு எங்கே? காட்டுங்கள். (கசியும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.)

2. கசிவை அடைத்த பிறகு, நைட்ரஜன் செலுத்திச் சோதித்தீர்களா?

3. குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்தீர்களா?

4. கியாசைத் தராசில் நிறுத்துப் போடுகிறீர்களா? (எந்தக் கியாஸ், எத்தனை கிராம் என்று வெளிப்பெட்டியின் தகட்டிலேயே எழுதியிருக்கும்.)

படிக்கத் தெரிந்த பிள்ளையை அந்தத் தகட்டைப் படிக்கச் சொல்லுங்கள். கடைசியில் ரசீது வாங்குங்கள். செய்த வேலையை அதில் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அப்படியும் ஏமாந்தால்? சும்மா இருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

கிணற்றில் இருந்து தண்ணீர் எடுத்து வந்த நம் பாட்டிமார், குடம் ஒழுகினால் என்ன செய்தார்கள்? மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டா இருந்தார்கள்? முதலில் ஓட்டையை அடைத்தார்கள். படிப்பு இல்லாத அவர்களுக்கு அந்த அறிவு இருந்தது.

நமக்கும் இருக்க வேண்டாமா?

என் தாயார் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். பிள்ளையின் பள்ளிக்கூடப் பணமும் தவறாமல் கட்டப்படுகிறது. அதற்குக் காரணம், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர்!