நாற்பத்தைந்து வயதின் நடை

தரையில் ஒரு நீண்ட விரிப்பு. நாற்பத்தைந்து வயதான ஒருவர் அதன்மேல் முதலில் தம் இயல்பான நடையில் நடக்கிறார். அடுத்து, ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிட்டு ஒன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். கடைசியாக, முடிந்தவரை வேகமாக. விரிப்புக்குள் இருக்கும் உணரிகள் ஒவ்வோர் அடியையும் பதிந்துகொள்கின்றன. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972 ஏப்ரலுக்கும் 1973 மார்ச்சுக்கும் இடையே பிறந்த 1,037 பேரைச் சிறுவயது முதல் தொடர்ந்துவரும் ஆய்வில் ஒரு காட்சி இது.

நடைவேகம் முதியோர் மருத்துவத்தின் பழைய அளவுகோல். எழுபது, எண்பது வயதில் ஒருவர் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்பதை மருத்துவர்கள் அதைக் கொண்டு கணிப்பார்கள். 2019இல் வெளியான டனிடின் முடிவுகள், நாற்பத்தைந்திலேயே அந்த அளவுகோல் பேசுவதைக் காட்டின. மெதுவாக நடந்தவர்களின் மூளை சராசரியில் சிறியதாக இருந்தது. அதன் புறணி மெலிந்திருந்தது. நுரையீரல், பற்கள், நோயெதிர்ப்பு என உடலின் மற்ற இடங்களிலும் மூப்பு முந்திக்கொண்டிருந்தது. பழைய ஏடுகளைப் புரட்டியபோது இன்னொன்று தெரிந்தது: மிக மெதுவாக நடந்தவர்கள், தங்கள் மூன்று வயதுச் சோதனையில், மிக வேகமாக நடந்தவர்களைவிடச் சராசரியாக 12 அறிவுத்திறன் புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள்.

இதைத் தலையெழுத்து என்று வாசிப்பவர்கள் உண்டு. அறிவுள்ள குழந்தை ஆரோக்கியமாக மூப்படைகிறது, மற்றது தளர்கிறது, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்பது அவர்கள் கேள்வி. பதிலும் டனிடினிலேயே இருக்கிறது.

அந்தக் குழந்தைகள் வளர்ந்தபோது நகரத்து வண்டிகள் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடின. பதினோரு வயதில் அவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு பார்க்கப்பட்டது. முப்பத்தெட்டு வயதில் அவர்களது அறிவுத்திறனை மீண்டும் சோதித்தபோது, அன்று ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு 5 மைக்ரோகிராம் ஈயத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளி குறைந்திருந்தது. அந்த ஊரில் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே புகையைத்தான் சுவாசித்தார்கள். ஆகவே வறுமையை மட்டும் காரணமாகக் காட்டி இதைத் தள்ளிவிட முடியவில்லை. நாற்பத்தைந்தில் எடுத்த மூளைப் படங்களிலும் அந்த ஈயத்தின் தடம் தெரிந்தது.

நியூசிலாந்து 1996இல் ஈய பெட்ரோலை நிறுத்தியது. இந்தியா 2000இல் நிறுத்தியது. இன்று நாற்பதைக் கடந்திருக்கும் சென்னைவாசிகளில் பலர் அந்தப் புகைக்குள் பள்ளிக்குப் போய் வந்தவர்கள்.

பிள்ளைப்பருவத்தோடு கதை முடிந்துவிடவும் இல்லை. லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த ஒயிட்ஹால் ஆய்வு, 45 முதல் 49 வயதுக்குள் இருந்தவர்களிடமே பத்தாண்டுகளில் பகுத்தறியும் திறன் 3.6 விழுக்காடு சரிந்ததை 2012இல் பதிவுசெய்தது. மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 காரணிகளை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் களைய முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 விழுக்காட்டு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் கணக்கு. பதினான்கில் பத்து நடுவயதுக்கு உரியவை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, மனச்சோர்வு ஆகியவற்றோடு செவித்திறன் குறைவும் தலைக்காயமும் அதில் உண்டு. மூளையைக் காக்கும் கருவிகளில் காது கேட்கும் கருவியும் தலைக்கவசமும் சேரும் என்பது இதன் பொருள்.

இந்தியாவின் தேசிய முதியோர் நலத் திட்டம் அறுபது வயதைத்தான் தொடக்கமாகக் கொள்கிறது. அதற்குள் இரத்தக்குழாய்களும் செவி நரம்புகளும் இருபதாண்டுப் பாதிப்பைச் சேர்த்துவைத்திருக்கும். நாற்பதைத் தொட்ட ஒவ்வொருவருக்கும், அவர் அலுவலகத்தில் இருந்தாலும் கட்டட வேலையில் இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் செவித்திறனும் கட்டணமின்றிப் பார்க்கப்பட வேண்டும். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் பட்டறைகள் குடியிருப்புகளை விட்டு அகற்றப்பட வேண்டும். பள்ளி மருத்துவ முகாம்களில் கண்ணையும் பல்லையும் பார்க்கும்போதே, அந்தப் பட்டறைகளைச் சுற்றி வாழும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.