உறக்கமும் ஓர் அருவியே

சாரல் காலம் வந்துவிட்டால் நம் தென்காசி வழியே எத்தனை ஊர்திகள் குற்றாலம் நோக்கி விரைகின்றன! பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் கூட்டம் அலைமோதுகின்றது. அருவியில் நின்றால் உடல்வலி தீரும் என்று நம்பி வெகு தொலைவிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அந்த மருந்துக்குச் செலவு உண்டு, பயணம் உண்டு. ஆனால் வீட்டுப் பாயிலேயே விலையின்றிக் கிடைக்கும் மருந்தொன்றும் உண்டு. அதுவே உறக்கம். அதனை நாம் மதிக்கின்றோமா?

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதல் நாம் கேட்டுவரும் அறிவுரை, "தூக்கத்தைக் குறை, மதிப்பெண் கூடும்" என்பதே. காலை 5 மணிக்கு எழுகின்றோம். பள்ளி, தனிப்பயிற்சி, வீட்டுப்பாடம் யாவும் முடிந்து படுக்கும்போது மணி 11.30. ஆக, உறங்குவது ஐந்தரை மணி நேரமே. 13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. 8 மணி என்றே கொண்டாலும் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் கடன். ஆறு நாளில் அது 15 மணி நேரமாகிறது! ஞாயிறன்று சற்றுப் புரண்டு படுப்பதால் இக்கடன் அடைந்துவிடுமா?

உறக்கம் என்பது வீணாய்க் கழியும் நேரம் அன்று. ஆழ்ந்த உறக்கத்தின்போதுதான் வளர்ச்சிக்குரிய ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கின்றது. விளையாட்டில் களைத்த தசைகள் சீரடைகின்றன. பகலில் படித்தவற்றை மூளை நினைவில் நிலைப்படுத்துகின்றது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் பெருகுகின்றது. நம் உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தின் செயல்முறையைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் வயதில் இக்கடிகாரம் சற்றே பின்தங்கி ஓடுகின்றதாம். எனவே அதிகாலையில் நம்மால் எழ இயலாமைக்குச் சோம்பல் மட்டுமே காரணம் அன்று என்பதைப் பெற்றோர் அருள்கூர்ந்து உணர வேண்டும்.

அரையாண்டுத் தேர்வின்போது நம்முள் சிலர் கடுங்காப்பி குடித்து இரவு 2 மணி வரை கண்விழித்தோம். மறுநாள் அறிவியல் வினாத்தாளைக் கண்டதும், படித்த பக்கம் கண்முன் நின்றது. அதில் எழுதியிருந்தது நினைவுக்கு வரவில்லை! ஒன்பதரைக்கே படுத்துவிட்ட தோழியோ அமைதியாக எழுதி முடித்தாள். நாம் வெட்கினோம்.

"கெடுவோர் விரும்பி ஏறும் கலங்கள் நான்கினுள் துயிலையும் வள்ளுவர் சேர்த்துள்ளாரே" என்று பெரியோர் கேட்கலாம். ஆம், 'மடியின்மை' அதிகாரத்தில் காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு துயிலையும் சேர்த்தே அவர் கடிந்தார். ஆனால் அது கடமையைக் கைவிட்டுக் கிடப்பவரின் துயில். நாளெல்லாம் உழைத்தவர் இரவில் கொள்ளும் உறக்கத்தை அவர் பழித்தார் அல்லர்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் வட்டாரத்தில் எத்தனையோ இல்லங்களில் அன்னையர் பீடி சுற்றுகின்றனர். கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. சமையல் முடிந்த பின் தட்டை மடியில் வைத்து அமர்ந்தால், நாம் படித்து முடிக்கும் வரை அவர்கள் விரல்கள் ஓய்வதில்லை. நாம் படுத்த பின்னரும் சுற்றுகின்றனர். நமக்கு முன்னரே எழுகின்றனர். நம் உறக்கத்தைப் பற்றிப் பேசும் நாம், அவர்கள் எத்தனை மணி நேரம் உறங்கினார்கள் என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? பாத்திரம் கழுவுவதையும் தண்ணீர் பிடிப்பதையும் நாமும், நம் அண்ணன் தம்பியரும் பங்கிட்டுக் கொண்டால் அம்மா அரைமணி நேரமாவது முன்னதாகத் தலைசாய்க்கலாம் அன்றோ?

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. தனிப்பயிற்சி இரவு 8 மணிக்குள் முடியட்டும். ஒரே நாளில் மூன்று பாடத் தேர்வுகள் வாராதபடி அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் அன்புடன் பார்த்துக் கொள்ளட்டும். நாமும் நம் பங்கிற்கு மாலைக்குப் பின் காப்பியைத் தவிர்ப்போம். கைப்பேசியைப் படுக்கைக்குக் கொண்டு செல்லாதிருப்போம். சாரல் காலத்து விருந்தினரை மகிழ்வோடு வரவேற்போம். ஆனால் பள்ளி நாளில், "கூட்டம் குறைவாக இருக்கும், வா" என்று அவர்கள் நள்ளிரவுக் குளியலுக்கு அழைத்தால், சனிக்கிழமை வருகிறோம் என்று பணிவோடு கூறிவிடுவோம்.

அருவியில் நீர் வற்றும் மாதங்கள் உண்டு. உறக்கம் என்னும் அருவியோ இரவுதோறும் நம் வீட்டு வாசலுக்கே வருகின்றது. அன்புத் தோழியரே, இன்றிரவே விளக்கை நேரத்தோடு அணைப்போம். அம்மாவையும் படுக்கச் சொல்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி