பிரேக் கட்டையை மாற்றும் முன் ரிம்மைத் துடையுங்கள்

சைக்கிளில் பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் ஹேண்டில்பாரைக் காட்டுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பிரேக் கட்டையைக் காட்டுவார்கள். பிரேக்கின் பாதி ரிம்மில் இருக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. அதனால்தான் பிரேக் பிடிக்காத சைக்கிளுக்கு நாம் செய்கிற வைத்தியம் பெரும்பாலும் தவறான இடத்தில் நடக்கிறது என்பது என் கருத்து.

"பிரேக்கு பிடிக்கல்ல பாட்டா, கட்டைய மாத்தணும்" என்றுதான் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோனால் முதலில் கம்பியை இழுத்து முறுக்குவார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் புதுக் கட்டை போடுவார்கள். சில நாள் கழித்துப் பழைய கதைதான். ரிம்மில் படிந்த எண்ணெயும் அழுக்கும் அப்படியே இருக்க, புதுக் கட்டை என்ன செய்யும்? அதுவும் அந்த எண்ணெயை வாங்கிக்கொண்டு வழுக்கத் தொடங்கிவிடும்.

நமக்கு இது சின்ன விஷயமல்ல. அருமனையிலிருந்து களியல் பக்கம் போனாலும் சிதறால் பக்கம் போனாலும் ஏற்றமும் இறக்கமும்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று ஆண்டுக்கு இரண்டு பருவமழை. ரப்பர் தோட்டத்து நிழலில் ரோடு காய்வதற்கும் நேரமாகும். தஞ்சாவூர்ப் பக்கம் பிரேக் கொஞ்சம் மோசமானாலும் காலை ஊன்றி நின்றுவிடலாம். நம்மூர் இறக்கத்தில் அது நடக்காது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் ஓடும். பிரேக்கின் பிடி பாதியானால், சமதளத்திலேயே வண்டி நிற்க இரண்டு மடங்கு தூரம் வேண்டும். இறக்கத்தில் அதற்கும் மேல். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்கு மேல் போகும். மழையில் முதல் சில சுற்றுகளில் கட்டை ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்தெடுக்கிற வேலையைத்தான் செய்கிறது. பிடி அதற்குப் பிறகுதான் வரும். குரோமியம் பூசிய இரும்பு ரிம்மில் இது இன்னும் மோசம். காய்ந்த நிலையில் கிடைக்கிற பிடியில் ஒரு சிறு பங்குதான் ஈரத்தில் கிடைக்கும். நாம் இளவயதில் ஓட்டிய கம்பி பிரேக் சைக்கிள்களில் கட்டை ரிம்மின் உட்பக்கத்தைப் பிடித்தது. இப்போது பிள்ளைகள் ஓட்டுபவற்றில் பெரும்பாலும் இடுக்கிபோல் இரண்டு பக்கமும் பிடிக்கிறது. இடம் மாறியிருக்கிறது, விதி மாறவில்லை.

ரப்பரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பாலை ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்து, புகைபோட்டு எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ரப்பரில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்பதை 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். பிரேக் கட்டையும் அப்படிப் பக்குவப்படுத்திய ரப்பர்தான். ஆனால் வெயிலும் காற்றும் பட்டுப்பட்டு அதன் மேல்பரப்பு இறுகிப்போகும். உரசி உரசிப் பளபளப்பாகும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் கல்போல இருக்கும். உள்ளே நல்ல ரப்பர் இருந்தாலும் இந்தத் தோல் பிடிக்காது.

டிரையல்ஸ் என்று ஒரு சைக்கிள் விளையாட்டு உண்டு. காலைத் தரையில் வைக்காமல் பாறை, சுவர், மரத்தடி எல்லாவற்றின் மேலும் தாவுவார்கள். ஸ்காட்லாந்தின் டேனி மெக்கஸ்கில், எடின்பரோவில் சைக்கிள் கடை மெக்கானிக்காக இருந்தவர், 2009-ல் வெளியான ஒரு வீடியோவால் உலகப் புகழ் பெற்றார். இந்த விளையாட்டில் பிரேக்கைத் தொட்டவுடன் சக்கரம் பூட்டுப்போட்டது போல் நிற்க வேண்டும். அதற்காகப் பலர் அலுமினிய ரிம்மின் பக்கங்களைக் கிரைண்டரால் லேசாகக் கீறிச் சொரசொரப்பாக்குகிறார்கள். சிலர் கொஞ்சம் தார்கூடத் தேய்க்கிறார்கள். பிடி குறைந்தால் பழைய தாரையும் அழுக்கையும் துடைத்தெடுத்து, மறுபடி கீறிக்கொள்வார்கள்.

இதை நம் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லவில்லை. செய்யவே கூடாது. இரும்பு ரிம்மைக் கீறினால் குரோமியம் போய்த் துருப்பிடிக்கும். அலுமினிய ரிம் தேய்ந்து மெலிந்துபோகும். தார் பூசிய ரிம் ரோட்டில் திடீரென்று பிடித்து ஆளைத் தூக்கிப்போடும். அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பிரேக் குறைந்தால் அவர்கள் முதலில் ரிம்மைப் பார்க்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது அரைமணி நேர வேலை. ரிம்மின் பிரேக் படுகிற பகுதியைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை போகவில்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். மண்ணெண்ணெய் வேண்டாம், அது காய்ந்த பிறகும் மெல்லிய பசையை விட்டுவைக்கும். அடுத்து, கட்டையைக் கழற்றி, பளபளப்புப் போய் மங்கலான கறுப்பு தெரியும்வரை உப்புத்தாளில் தேயுங்கள். ரப்பரில் பதிந்திருக்கும் மணலையும் உலோகத் துகளையும் ஊக்கு முனையால் நோண்டி எடுங்கள். ரிம்மை அரிப்பவை அவைதான்.

திரும்ப மாட்டும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கட்டை ரிம்மில் மட்டும் முழுதாகப் படிய வேண்டும், டயரில் உரசக் கூடாது. கட்டையைப் பிடித்திருக்கும் தகரக் கூட்டின் ஒரு முனை திறந்திருந்தால், மூடிய முனை, சக்கரம் கட்டையை இழுத்துச்செல்லும் திசையில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வேகமாகப் பிரேக் பிடிக்கும்போது கட்டை கூட்டைவிட்டு வெளியே பறந்துவிடும். உயிர் போகிற தவறு இது. தேய்ந்து ரப்பரே இல்லாத கட்டைக்கும் வெடித்த கட்டைக்கும் வைத்தியம் கிடையாது. அவற்றை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் நாம் விட வேண்டும். பிரேக் கீச்சென்று கத்துகிறது என்று ரிம்மில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய்த் துணியால் ரிம்மைத் துடைத்து மினுக்குகிறவர்களும் உண்டு. செயினுக்கு எண்ணெய் வேண்டும், ரிம்முக்கு ஆகாது. கத்துகிற பிரேக்கையாவது நம்பலாம், எண்ணெய் விட்ட பிரேக் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும்.

"இந்தக் காலத்தில் டிஸ்க் பிரேக் வந்தாச்சு, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். டிஸ்க் மழையில் மேலானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் தகட்டில் எண்ணெய் பட்டாலும் இதே கதிதான். அத்துடன், 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய அரசு சைக்கிள் திட்டம் பிறகு விரிவடைந்து, இன்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலரிடம் விலையில்லா சைக்கிள் இருக்கிறது. இன்னொரு சைக்கிள் வாங்க வசதியில்லாத வீடுகளுக்குத்தான் அது வருகிறது. அந்தப் பிள்ளைகளிடம் போய் டிஸ்க் பிரேக் வாங்கச் சொல்ல முடியுமா?

பள்ளி திறப்பதும் தென்மேற்கு மழை இறங்குவதும் ஏறக்குறைய ஒரே ஜூன் மாதத்தில்தான். அந்த மாதம் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பீரியட் ஒதுக்கி, பிள்ளைகள் தங்கள் சைக்கிள் ரிம்மைத் தாங்களே கழுவி, கட்டையைத் தேய்த்து மாட்டக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு வாளி, சோப்பு, கொஞ்சம் துணி, உப்புத்தாள் போதும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நம்மைப்போல் ஓய்வுபெற்றவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருக்கிறோம். நம்மில் பலர் சைக்கிள் சவிட்டித்தான் வேலைக்குப் போனோம்.

மழையில் இறக்கம் வருமுன்பே மெதுவாகப் பிரேக்கைத் தொட்டு ரிம்மைக் காயவைக்க வேண்டும், இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கிறவர்கள், அதற்கு முன் அந்தப் பிள்ளையின் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, ரிம்மில் ஒரு விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் கறுத்தால் வேலை இருக்கிறது.