மாத்திரை நிற்கக் கூடாது!

"ஆபரேஷன் முடிந்தது, ஆள் பிழைத்தார், இனிக் கவலை இல்லை." சிறுநீரகம் மாற்றிக்கொண்ட தொழிலாளி வீடு வந்து சேர்ந்ததும் ஊரார் இப்படித்தான் பேசுகிறார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து அவர்களில் சிலர் முகம் வீங்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் டயாலிசிஸ் மெஷினுக்கே திரும்பி வருகிறார்கள். காரணம் கேட்டால், "மாத்திரையை ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை" என்று ஒரே வரியில் பதில் கிடைக்கிறது.

சாப்பிடவில்லை என்பது வாஸ்தவமாகவே இருக்கட்டும். ஏன் சாப்பிடவில்லை? இந்தக் கேள்வியைச் சர்க்கார் கேட்பதில்லை. நம் சங்கங்களும் போதிய அளவு கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. வெளியிலிருந்து கிருமி நுழைந்தால் தாக்கி அழிப்பது அதன் வேலை. பிறர் கொடுத்த சிறுநீரகத்தையும் அது அந்நியம் என்றே கருதித் தாக்குகிறது. பெற்ற தாய் கொடுத்தாலும் சரி, கூடப் பிறந்தவர் கொடுத்தாலும் சரி, அது தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. 1933-ல் சோவியத் உக்ரேனில் கெர்சன் நகரத்தில் வொரோனோய் என்ற சர்ஜன், இறந்துபோன ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்கு வைத்தார். மனிதனிடமிருந்து மனிதனுக்கு நடந்த முதல் முயற்சி அது. நோயாளி இரண்டு நாள்தான் உயிரோடிருந்தார். 1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் நடந்த ஆபரேஷன் வெற்றி பெற்றது. ஆனால் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒன்றுபோல் பிறந்த இரட்டையர்கள்; அதனால்தான் காவலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரட்டைப் பிறவி இல்லாத மற்ற ஜனங்களுக்கு வழி பிறந்தது, காவலைக் கொஞ்சம் தணித்து வைக்கும் மருந்துகள் வந்த பிறகுதான். 1960-களில் அஸாதயோப்ரினும் ஸ்டீராய்டும் வந்தன. சைக்ளோஸ்போரின் 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பெரும்பாலோர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் 1990-களில் வந்தது. நம் வேலூரில் 1971-லேயே சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் உழுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். சைக்ளோஸ்போரின் கிடைத்தது நார்வே நாட்டு மேட்டு நிலத்து மண்ணில் இருந்த ஒரு பூஞ்சணத்திலிருந்து. டாக்ரோலிமஸ் கிடைத்தது ஜப்பானில் த்சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து. மண் கொடுத்ததுதான். ஆனாலும் மாத்திரையாகி டப்பாவில் ஏறியதும் கம்பெனியின் சொத்தாகிவிட்டது. நம் நாட்டில் 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் கிடையாது என்று வைத்திருந்தது. 2005-ல் அதை மாற்றிவிட்டார்கள். இந்த மருந்துகள் அதற்கு முந்தியவை என்பதால் இங்கேயே பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. இல்லாவிட்டால் கூலிக்காரன் கண்ணால் பார்க்கும் விலையிலா இருந்திருக்கும்?

டாக்ரோலிமஸ் அளவு குறைந்தால் காவல் எழுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். அளவு மிஞ்சினால் மருந்தே சிறுநீரகத்துக்கு விஷமாகும். கை நடுங்கும், சர்க்கரை வியாதி வரலாம், கிருமிகள் சுலபமாய்ப் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் குறுகலானது. அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. தாக்குதல் ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் வலியே இராது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதுதான் முதல் அடையாளம். "உடம்பு நன்றாய்த்தானே இருக்கிறது, இந்த வாரம் மாத்திரை வாங்காவிட்டால் என்ன?" என்று நினைப்பவர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்.

மில் தொழிலாளிக்கு முதல் எதிரி ஷிப்டு. ஒரு வாரம் பகல், மறு வாரம் அரை நைட், அடுத்த வாரம் முழு நைட். ஷிப்டு மாறினால் சாப்பாடும் தூக்கமும் மாறும். மாத்திரை நேரம் மட்டும் மாறக் கூடாது. காலை எட்டு, இரவு எட்டு என்று வைத்துக்கொண்டால் தூங்கினாலும் எழுந்து சாப்பிட வேண்டும், மெஷின் ஓடினாலும் நகர்ந்துபோய்ச் சாப்பிட வேண்டும். மேஸ்திரி முறைத்தால் முறைக்கட்டும். வெறும் வயிற்றில் சாப்பிடுகிறவர் தினமும் அப்படியே சாப்பிட வேண்டும்; ஆகாரத்தோடு என்றால் தினமும் ஆகாரத்தோடு. ஒருவேளை தவறிவிட்டால் ஞாபகம் வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் இரண்டு வேளையைச் சேர்த்து விழுங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேளுங்கள்.

ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதைப் பார்த்து டாக்டர் மருந்தைக் குறைத்துவிடக் கூடும். அன்றைக்கு மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் எடுத்த பிறகு சாப்பிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து மெடிகல் ஷாப்பில் இருக்கிறது. நாள் முழுதும் நாற்று நட்டு இடுப்பு ஒடிந்துபோனால் டைக்ளோபினாக், இபுப்ரூபன் என்று கேட்டு வாங்கி விழுங்குவது நம் பழக்கம். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு அது கேடு. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், படைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், இவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். பஞ்சுத் தூசியிலும் நெருக்கமான குடியிருப்பிலும் வாழ்கிற நமக்குக் காசநோய் புதிதல்ல. ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறது" என்று சொல்ல வேண்டும். கஷாயம், லேகியம், பம்ப்ளிமாஸ் பழம் எல்லாம் கேட்காமல் தொடக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மைகோபினோலேட் சாப்பிடும் பெண்கள் குழந்தை பெற விரும்பினால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது கருவைப் பாதிக்கும். காய்ச்சல் 100 டிகிரிக்கு மேல் போனாலோ, நிற்காத வயிற்றுப்போக்கு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குப்பை எரு கிளறுவதையும், பூசணம் பிடித்த வைக்கோல் பிரிப்பதையும் வேறொருவருக்கு விட வேண்டும்.

இவ்வளவும் தொழிலாளியின் பொறுப்பு. இதில் சலுகை கேட்க முடியாது. ஆனால் இந்த ஒழுங்கைக் காப்பதற்குக் கையில் மாத்திரை இருக்க வேண்டுமே!

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1972-ல் செய்த சட்டப்படி, சிறுநீரகம் கெட்டவருக்கு டயாலிசிஸ் செலவை மெடிக்கேர் என்ற சர்க்கார் இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. மாற்று ஆபரேஷன் செலவையும் ஏற்றது. 65 வயது ஆகாதவர், வேறு ஊனம் இல்லாதவர் என்றால், ஆபரேஷன் ஆகி 36 மாதத்தோடு அந்த இன்ஷூரன்ஸ் முடிந்தது. மாத்திரைச் செலவு அவர் தலையில்! பணமில்லாமல் மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகம் போகும். போனால் திரும்பவும் டயாலிசிஸ். அதற்கு மட்டும் சர்க்கார் பணம் கொடுக்கும். மாத்திரையைவிட டயாலிசிஸ் பல மடங்கு செலவு என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். வருஷக்கணக்காக டாக்டர்களும் நோயாளிகளும் போராடிய பிறகு 2020 டிசம்பரில் சட்டம் செய்து, 2023 ஜனவரி 1 முதல்தான் மாத்திரைக்குக் கால வரம்பை எடுத்தார்கள். அதற்கும் முதல் வருஷத்தில் மாதம் 97 டாலர் 10 சென்ட் பிரீமியம் வைத்தார்கள். உலகத்திலேயே பணக்கார நாட்டில் "மறதி"யின் லட்சணம் இது.

நம் நிலைமை வேறு. இங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனும் நடக்கிறது, மாத்திரையும் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இதைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. ஆனால் அதை வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு போகிறது, துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. நடவும் அறுப்பும் நடக்கிற சில வாரங்களில்தான் விவசாயத் தொழிலாளிக்குக் கையில் காசு புழங்கும். அந்த வாரத்தில் ஆஸ்பத்திரித் தேதி வந்தால் அவர் எதை விடுவார்? டெண்டர் மாறினால் மாத்திரைக் கம்பெனியும் மாறலாம். கம்பெனி மாறினால் ரத்த அளவு மறுபடி பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை சாப்பிடும் வகையும், நாளுக்கு ஒரே தடவை சாப்பிடும் வகையும் ஒரே பேரில் வருகின்றன. ஒன்றை மற்றொன்றாக நினைத்துச் சாப்பிட்டால் விபரீதம். இதையெல்லாம் நின்று விளக்கிச் சொல்ல மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஆளும் நேரமும் வேண்டாமா?

மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் அதில் சேரலாம். ஆனால் காண்டிராக்டில் இருப்பவரை நோயைக் காட்டி வெளியேற்றிவிட்டால் வேலையோடு அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. வேலை போகலாம், மாத்திரை போகலாமா? வயலில் உழைப்பவருக்கோ இ.எஸ்.ஐ. என்ற பேச்சே இல்லை.

நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி கொடுக்கிறாள், தாய் கொடுக்கிறாள். அவர்கள் வயிற்றைக் கிழித்துக் கொடுத்த சிறுநீரகம் ஒரு பஸ் டிக்கெட்டுக்காகக் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகையால் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் கீழே இவற்றையும் சேர்க்க வேண்டும்: ஆஸ்பத்திரி நாளுக்குச் சம்பளத்தோடு லீவு, மாற்று ஆபரேஷன் ஆனவருக்கு நிரந்தரப் பகல் ஷிப்டும், தூசி குறைந்த டிபார்ட்மெண்டில் வேலையும், வேலை போனாலும் நிற்காத இ.எஸ்.ஐ. மருந்து. விவசாயத் தொழிலாளர் சங்கம் கலெக்டரிடம் கேட்க வேண்டியது, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே இரண்டு மாத மாத்திரை, ஒரே கம்பெனி மாத்திரையாக. அதுவரை, கிளையில் இப்படி ஒரு தோழர் இருந்தால், ஆஸ்பத்திரித் தேதியை அவரோடு கூட இன்னொருவரும் எழுதி வைத்துக்கொண்டு, அந்த வாரம் போய் "டப்பாவில் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது?" என்று கேளுங்கள்.